ஆள் நிறையாத ஜீப்பு

1

போன வாரம் என் மகள் கயல் என்னிடம் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் மலையடிவாரத்து முந்தலிலிருந்து உச்சியில் இருக்கும் போடிமெட்டு வரைக்கும் படிக்கட்டே கட்டிவிடலாம். வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, குப்பைத்தொட்டி வாங்குவதற்குக்கூட ஒன்று. ஆகவே பேனாவைத் திறந்துகொண்டு வழக்கம்போல் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைத் தேடினேன். இந்தப் படிவத்தில் பெயரே கேட்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கயலுக்கு இருபத்தொரு வயது. சமூகப் பணி படிக்கிறாள். சின்ன வயதில் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள், கோபதாபங்களை எப்படிக் காட்டுகிறார்கள், யாரை நம்புகிறார்கள் என்பதுதான் அவள் எழுதப்போகும் கட்டுரை. அதற்குப் பத்துப் பேரிடம் கேள்வி கேட்க வேண்டுமாம். ஒன்பது பேர் அவள் வயதுக்காரர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய உருப்படி தேவைப்பட்டிருக்கிறது. நான் வீட்டிலேயே கிடைத்தேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். ஒன்று என்றால் 'கொஞ்சமும் பொருந்தாது', ஐந்து என்றால் 'முழுக்கப் பொருந்தும்'. யாராவது விடைபெற்றுப் போகும்போது உங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா? ஒன்று. வர வேண்டியவர் தாமதமானால் வரவே மாட்டார் என்று தோன்றுமா? ஒன்று. வேண்டியதைக் கேட்கத் தயங்குவீர்களா? ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒன்று. பத்து நிமிடத்தில் முடித்துக் கையெழுத்துப் போட இடம் தேடினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு நம்பிக்கையோடு பரீட்சை எழுதியதில்லை.

என் மனைவி செல்வராணி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுப்பில் பாலை வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள், முதல் பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்தாள். பால் பொங்கி அடுப்பை நனைத்தது. அப்போதும் அவள் சிரிப்பு நிற்கவில்லை.

"அந்தச் செருப்ப மறந்துட்டீகளா?" என்றாள்.

செருப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் இவள் ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவாள். இந்த ஊர்க்காரர்கள் விருந்துக்கு வந்தால், சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடையில் இரண்டு கையாலும் தட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். கிளம்புகிறோம் என்று அர்த்தம். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. இன்னொரு காபி என்பேன். பழைய போட்டோக்களை எடுப்பேன். போன தை மாதம் பக்கத்து வீட்டுத் தம்பதி வந்திருந்தபோது என் கையிருப்பெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் அந்த மனிதரின் ஒரு செருப்பைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை, கால் தானாகத் தள்ளியது. எல்லோருமாகச் சேர்ந்து முக்கால் மணி நேரம் தேடினோம். நானும் குனிந்து குனிந்து தேடினேன். அன்றைக்கு வழியனுப்பும்போது, "நீங்கள் போகக் கூடாது" என்று உபசாரமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஜெர்மனில், "இங்கிருந்து யாரையும் போக விடமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் எங்களைத்தான் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

செருப்பை ஒளித்தவன் 'ஒன்று' போட்ட கதை இதுதான்.

2

இதற்கெல்லாம் வேர் போடி ஜீப் ஸ்டாண்டில் இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். குடியிருப்பு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒரு ஒற்றை அறை. அங்கே இருந்த பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். பையன் தமிழ் படிக்கட்டும் என்று அப்பா ஆறு வயதில் என்னைப் போடியில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார். தங்கச்சி முருகேசுவரி அப்போது கைக்குழந்தை. அவள் அவர்களோடு மலையிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வாராவாரம் மூன்று பேரும் ஜீப்பில் இறங்கி வருவார்கள். அரிசி, எண்ணெய், கருவாடு வாங்குவதிலேயே பாதிப் பகல் போய்விடும். மிச்சம் எனக்கு. அந்த மிச்சத்தில் முக்கால்வாசி ஜீப் ஸ்டாண்டில்தான் கழியும்.

எங்கள் ஊர் ஜீப்புக்கு நேரம் காலம் கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். டிரைவர் பக்கத்தில் மூன்று பேர், நடுவில் நாலு பேர், பின்னால் எதிரெதிரே எட்டுப் பேர், மடியில் பிள்ளைகள், கூரையில் லோடு, கம்பியைப் பிடித்துத் தொங்க இரண்டு பேர். அதுவரைக்கும் வண்டி நகராது. அம்மா இடம் போய்விடும் என்று முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துகொள்வாள். நான் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏலக்காய் எடுத்து எடுத்துக் கறுத்துப்போன விரலால் என் நகத்து அழுக்கை எடுத்துவிடுவாள். பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது. ஒவ்வொருவராக ஏறுவார்கள். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஆள் நிறையாவிட்டால் ஜீப் போகாது என்பது எனக்கு ஏழு வயதில் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சும்மா நிற்கவில்லை. பையும் கையுமாக வரும் பெண்களை ஸ்டாண்டு முனையிலேயே மறித்து, "அக்கா, இந்த ஜீப்பு கெளம்பாது. பிரேக்கு பிடிக்கல" என்பேன். மெட்டு ஏறுகிறவர்களிடம் இந்த ஒரு வார்த்தை போதும். அத்தனை கொண்டை ஊசி வளைவையும் மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் அடுத்த ஜீப்புக்குப் போய்விடுவார்கள். மூன்று பேரைத் திருப்பினால் எனக்குக் கால் மணி நேரம் கிடைக்கும்.

டிரைவர் பெருமாள் அண்ணன் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தார். மண்டையில் ஒரு கொட்டு வைத்து, "ஏலேய், எம் பொழப்புல மண்ண அள்ளிப் போடுறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தக் கதையை இங்கே வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் நான் நடித்தே காட்டியிருக்கிறேன். பெருமாள் அண்ணனாக ஒருமுறை, பையோடு வரும் அக்காவாக ஒருமுறை. கயல் இதை நூறு தடவை கேட்டிருப்பாள். நான் மூச்சு வாங்கினால் அடுத்த வரியை அவளே எடுத்துக்கொடுப்பாள். கொட்டு வாங்கும் இடத்தோடு கதையை முடித்துவிடுவது என் பழக்கம்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. என் கைங்கரியமும் சேர்ந்ததில் ஜீப் நிறையவே இல்லை. இருட்டிவிட்டால் மெட்டில் ஏற்ற முடியாது என்று பெருமாள் அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் குதித்தேன். அப்பா அம்மா போகவில்லை, என்னோடு இருக்கப் போகிறார்கள். ஆனால் விடுதிக் கதவை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. நான் உள்ளே, அவர்கள் பஸ் ஸ்டாண்டில். இடையில் இரண்டு தெருதான். காலையில் நான் பல் விளக்குவதற்குள் முதல் ஜீப்பில் போய்விட்டார்கள். தங்கச்சிக்குச் சளி பிடித்து மார்பு கட்டிக்கொண்டதாக அடுத்த வாரம் சொன்னார்கள்.

அடுத்த வாரம் வந்தபோது அம்மா திட்டவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள். என் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்பு, ஜீப்பு நெறையலேன்னா நாங்க இங்கன கெடப்போம். ஆனா ஒங்கூட இருக்க முடியாதுல்ல" என்றாள்.

அன்றோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டேன்.

3

விட்டதாகத்தான் நினைத்தேன். இங்கே வந்து எனக்குக் கிடைத்த வேலை டவுன் பஸ் ஓட்டுவது. போடியில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவன். என் சான்றிதழை இந்த நாட்டு அலுவலகங்கள் மூன்று வருடம் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, 'ஓரளவு சமம்' என்று எழுதிக் கொடுத்தன. ஓரளவு சமமானவன் ஓட்டுவதற்கு ஒரு பஸ் இருந்தது.

இந்த ஊர் பஸ் எட்டு பதினேழுக்கு என்றால் எட்டு பதினேழுக்குக் கிளம்ப வேண்டும். உள்ளே ஒரு ஈ, காக்கை இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். போடிக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பத்தில் கண்ணாடியில் காலி சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். தூரத்தில் யாராவது ஓடி வருவது தெரிந்தால் கதவை மூடக் கை வராது. டெப்போவிலிருந்து அழகான உறையில் கடிதங்கள் வரும். இத்தனை நாள் இத்தனை நிமிடம் தாமதம், விளக்கம் தருக.

கடைசியாக வந்த கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதை. ரயிலடி நிறுத்தத்தில் சாயந்திரம் ஒரு மனிதர் தன் சின்னப் பெண்ணைக் கூட்டிவருவார். எதிரே பெண்ணின் அம்மா நிற்பாள். சேர்ந்து வாழவில்லை போலிருக்கிறது. சனி, ஞாயிறு அப்பாவிடம், மற்ற நாள் அம்மாவிடம். அந்தப் பெண் முதுகுப் பையோடு என் பஸ்ஸில் அம்மாவோடு ஏறிக்கொள்வாள். அப்பா கண்ணாடிக்கு வெளியே நிற்பார். நான் கதவு சரியாக மூடவில்லை என்பதுபோல் திறந்து திறந்து மூடுவேன். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பின்சீட்டிலிருந்து யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

விளக்கப் படிவத்தில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். நான் சத்தியமாக யோசித்து எழுதவில்லை. கை அதுபாட்டுக்கு 'பிரேக்கில் சந்தேகம்' என்று எழுதிவிட்டது. எழுதியவனுக்கு வயது ஐம்பது. மறுநாள் பஸ்ஸைப் பணிமனைக்கு இழுத்துப்போனார்கள். இரண்டு நாள் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள்: பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. மேலதிகாரி அதை என் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா பார்த்தார். நம் ஊராக இருந்தால் மண்டையில் ஒரு கொட்டோடு போயிருக்கும்.

4

கயல் படிவத்தை வாங்கி நாலு பக்கத்தையும் புரட்டினாள். "செல்லாதுப்பா" என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம் போட்டவர்களைச் சேர்க்க மாட்டார்களாம். பத்தாவது ஆளுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் ஏதோ ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கயலைப் பற்றி நான் இவ்வளவு நாள் ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். பிடிவாதம் கிடையாது. இது வேண்டும், அது வேண்டும் என்று ஒருநாள் கேட்டதில்லை. சொந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் முன்னால் "எடுத்துக்கிறவா?" என்று கேட்பாள். பள்ளிச் சுற்றுலா போய் வந்தால் பெட்டியைப் பிரித்து அடுக்க மாட்டாள், மூடியபடியே கட்டிலடியில் கிடக்கும். எங்கே போனாலும் சத்தம் போடாமல் கிளம்பிவிடுவாள். நான் டியூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய்விட்டு, 'கிளம்பிட்டேன்' என்று ஒரு செய்தி அனுப்புவாள். நட்பானாலும் அப்படித்தான். மற்றவர்கள் விலகுவதற்கு முன்னால் இவள் விலகிவிடுவாள். இதையெல்லாம் நான் பெற்றோர் கூட்டத்தில், "ரொம்பப் பொறுப்பான பிள்ளை" என்று என் ஓட்டை ஜெர்மனில் விளக்கியிருக்கிறேன். டீச்சர்கள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்ததை என் ஜெர்மனுக்கான பரிதாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் எங்களோடு பெரும்பாலும் ஜெர்மனில்தான் பேசுவாள். தமிழ் ஏழு வயதோடு நின்றுவிட்டது. ஜெர்மனில் அவளுக்கு இருபத்தொன்று, தமிழில் இன்னும் ஏழு. அதனால்தான் அன்றைக்கு அவள் படிவத்தை மடித்து வைத்துவிட்டுத் தமிழில் கேட்டபோது எனக்கு அந்தச் சின்னப் பிள்ளையே கேட்பதுபோல் இருந்தது.

"அப்பா, படிவத்துல இல்லாத ஒரு கேள்வி கேக்கவா? அன்னைக்கு நம்ம ஜீப்பு ஏன் அம்புட்டு வெரசாக் கெளம்புச்சு?"

எந்த ஜீப்பு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரியாதும்மா, ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டு, அணைத்திருந்த அடுப்பைப் போய் இன்னொரு முறை அணைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஹாம்பர்க் போக இருந்தாள். ஒரு வருடம் பயிற்சி. பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். இந்த வீட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போகப்போகிறாள், இதற்குப் பதில் கிடைக்காமல் போனால் திரும்பி வர மாட்டாள், வந்தாலும் விருந்தாளியாகத்தான் வருவாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இருந்தும் ஞாபகம் இல்லை என்றேன்.

5

உங்களிடம் சொல்கிறேன். அவளிடம் சொல்ல நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தது இதுதான்.

முதலில் செல்வராணிதான் இங்கே வந்தாள். ஒரு வருடம் நானும் கயலும் போடியில் இருந்தோம். பிறகு எனக்கு விசா வந்தது. குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமானால் வீட்டில் தலைக்கு இவ்வளவு இடம் இருக்க வேண்டும் என்று இங்கே ஒரு கணக்கு. செல்வராணி வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டில் நான் அடங்கினேன், கயல் அடங்கவில்லை. ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் குறைந்தது. அதற்காக ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு வருடம் போடிக்குப் பக்கத்தில் சிலமலையில், தங்கச்சி முருகேசுவரி வீட்டில் இருந்தாள்.

அலுவலகத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம். ஆனால் விசா வந்த அன்றே கிளம்பு என்று யாரும் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நான் காத்திருந்திருக்கலாம். பாலிடெக்னிக் சம்பளம் வந்தாலும், பொண்டாட்டி அனுப்புகிறாள், இவன் உட்கார்ந்து தின்கிறான் என்று டீக்கடையில் பேசுவார்கள் என்று எனக்கு ரோஷம். போக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை.

கிளம்புகிற அன்றைக்கு, மெட்டுக்குப் போய்ப் பஞ்சு பஞ்சாக மேகம் பார்க்கலாம் என்று கயலுக்கு ஆசை காட்டி, முருகேசுவரியோடு ஜீப்பில் ஏற்றினேன். அவள் போன பிறகு நான் மதுரை பஸ்ஸைப் பிடித்து விமானத்துக்குப் போவதாக ஏற்பாடு. பிள்ளை அழும் என்று பயந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவள் பார்த்தால் என்னால் போக முடியாது என்பதற்குத்தான் பயந்தேன். ஆனால் ஜீப்பில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். நிறையக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். கயல் கம்பிக்கு உள்ளே இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மேகத்தைத் தொட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

டிரைவர் அதே பெருமாள் அண்ணன்தான். தலை நரைத்திருந்தார். அவரைத் தனியே கூப்பிட்டு, காலி சீட்டுக்கெல்லாம் நான் காசு தருகிறேன், வண்டியை எடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கு நெறைய விடாம அடிச்ச. இன்னைக்கு நீயே நெறைக்கிறியா?" என்றார்.

காசை வாங்கிக்கொண்டார். ஜீப் கிளம்பியது. போடி ஸ்டாண்டிலிருந்து பாதிக்கு மேல் காலியாக ஒரு ஜீப் மெட்டுக்குப் போனதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். விருந்தாளிகளுக்கு நான் நடித்துக் காட்டும் ஜீப் கதையில் இந்தப் பாகம் வராது.

6

வியாழக்கிழமை முருகேசுவரிக்குப் போன் போட்டேன். அவள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயந்திரம் மெட்டிலிருந்து திரும்பிய பிறகு பிள்ளை என்ன செய்தாள் என்று கேட்டேன். பதினாறு வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை. நன்றாக இருக்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று வாராவாரம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சாயந்திரத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

இப்ப எதுக்குண்ணே அதெல்லாம் என்று முதலில் மழுப்பினாள். விடாமல் கேட்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து சொன்னாள்.

"அழுகவே இல்லண்ணே. அழுதிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். வீட்டுக்குள்ள போயி ஒங்கள ஒரு சுத்துத் தேடுனா. சோறு போட்டேன், சாப்ட்டா. தட்ட அவளே கழுவி வச்சுட்டு வந்து, 'அத்தே, நான் எங்கன படுக்கணும்?'னு கேட்டா."

அவளே தொடர்ந்தாள். ஜீப்பில் போகும்போது பெருமாள் அண்ணன் விளையாட்டாக, "ஒங்கப்பா எல்லாச் சீட்டுக்கும் காசு குடுத்துட்டாரு, ராணியாட்டம் உக்காரு தாயி" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டாராம். படுக்கும்போது பிள்ளை அதையே இவளிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

ஆக, கயலுக்கு எல்லாம் தெரியும். ஐந்து வயதிலிருந்து தெரியும். நான் பிரேக் கதையை நடித்துக் காட்டி விருந்தாளிகள் கைதட்டியபோதெல்லாம், அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தபோதெல்லாம், அவளுக்குத் தெரியும். நான் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

7

சனிக்கிழமை நான் டியூட்டியை மாற்றிக்கொண்டேன். அதற்கும் ஒரு படிவம். 'காரணம்' என்ற கோட்டில் முதல்முறையாக உண்மையை எழுதினேன்: மகள் ஊருக்குப் போகிறாள்.

காலையில் எழுந்ததும் என்னை நானே காவல் காத்தேன். செருப்பு, சாவி, போன் எதையும் என் கை தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கயலின் ஷூக்கள் இரண்டையும் எடுத்துத் துடைத்து, வெளியே பார்த்தபடி வாசலில் ஜோடியாக வைத்தேன். செல்வராணி அதைப் பார்த்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று சோதித்தாள். வழிக்குப் புளியோதரை கட்டி வைத்திருந்தாள்.

கயல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் வீட்டில் இருப்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சலிப்பு ஓடியது. இனிக் காபி வரும், போட்டோ வரும் என்று நினைத்திருப்பாள். படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். நான் எதிரே நின்றேன். ஒத்திகை பார்த்ததில் பாதி மறந்துவிட்டது.

"கயலு, அன்னைக்கு ஜீப்புல காலியாக் கெடந்த சீட்டுக்கெல்லாம் நான்தான் காசு குடுத்தேன். நீ வெரசாப் போனாத்தான் நான் கெளம்ப முடியும்னு. ஒங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்லாமப் போனேன். தப்பும்மா."

அவள் கயிற்றை முடிச்சுப் போட்டாள்.

"காசு குடுத்தது தெரியும்ப்பா. முந்தல் தாண்டுறதுக்குள்ளயே தெரியும்" என்றாள்.

பிறகு அடுத்த ஷூவைக் கையில் எடுத்தாள். ஜெர்மனுக்கு மாறுவாள் என்று நினைத்தேன். மாறவில்லை. அந்த ஏழு வயதுத் தமிழில், வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள்.

"நான் அப்ப ரொம்பச் சந்தோசமா இருந்தேன்ப்பா. முழுச் சீட்டுல கால நீட்டிட்டுப் போனேன். மேகம் பாத்தேன். அந்நேரம் நீங்க போய்ட்டு இருந்தீங்க. அதுல இருந்து சந்தோசமா இருந்தா எனக்குப் பயமா இருக்கும். எங்கயோ யாரோ கெளம்புறாகன்னு தோணும்."

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் ஷூவை வாங்கிக் கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தேன். செல்வராணி கதவருகே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் நான் யாரையும் நிறுத்தவில்லை. பெட்டிகளை எடுத்துக் காரின் பின்சீட்டில் ஒரு பக்கமாக அடுக்கினேன். டயரில் காற்று பார்த்தேன். வண்டியில் ஏறு, நேரமாகிறது என்று நானே சொன்னேன். என் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை டிக்கெட் எடுக்காத ஒரு ஆளிடம் சொல்வது அதுவே முதல் தடவை. கயல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாள். பெல்ட்டைப் போட்டாள். இன்ஜினைக் கிளப்பினாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கார் நகரவில்லை. பிறகு அவள் இன்ஜினை அணைத்தாள். கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, பிரேக்கு பிடிக்கலைன்னு நெனைக்கிறேன்."

நான் தொழில்முறை டிரைவர். நின்ற இடத்தில் நிற்கிற காருக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கேட்கவில்லை. "அப்ப கெளம்ப முடியாதே" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். செல்வராணி பின்னால் பெட்டிகளுக்கு இடையில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வழிக்குக் கட்டிய புளியோதரையைப் பிரித்தாள். மூன்று பேரும் வீட்டு வாசலிலேயே நிறுத்திய காரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு போனவர், கையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.

பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. மேகத்தைக் கடைசியில் தொட்டாயா என்று கேட்டேன். தொட்டேன், கை நனைந்தது, அவ்வளவுதான் என்றாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கயல் கையைத் துடைத்துக்கொண்டு, பிரேக்கை ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள்.

"சரிப்பா. இப்பப் பிடிக்குது" என்றாள்.

நாங்கள் இறங்கிக்கொண்டோம்.